ஆறு முறை விழுந்தவர்

ரயிலே ஓடாத ஒரு வருடத்தில், ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான் எனக்குத் தாமதமானது என்று, என்னைத் தேடி சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்த என் அப்பாவிடம் சொன்னவர் ஸ்டாண்டு அக்கா. அகலப் பாதை போடுவதற்காகக் கடலூரில் அப்போது பழைய தண்டவாளத்தைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். கேட்டின் கம்பம் மாதக்கணக்காக வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

"எந்த ரயில்மா போச்சு?" என்று கேட்டார் அப்பா.

"ரயில் இல்லீங்க, டிராலி. ரயில்வே ஆளுங்க ரெண்டு பேரு ஒக்காந்துக்கிட்டு, ரெண்டு பேரு தள்ளிக்கிட்டு வந்தாங்க. அதுக்கும் கேட்டு போட்டுத்தான் ஆவணுமாம். நானே அந்த ஆளத் திட்டிட்டுதான் வரேன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அவனுங்க அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மொபெட்டைக் கிளப்பினார். தண்டவாளம் இல்லாத இடத்தில் டிராலி எதன்மேல் வந்தது என்று அவர் கேட்கவில்லை.

நான் அன்று தாமதமானது சிதம்பரத்தில் ஒரு கருத்தரங்கு முடிய நேரமானதால். அதைச் சொல்லியிருந்தாலும் அப்பா ஒத்துக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதிலை முடித்துவிட்டார்.

திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. நடத்தியவர் யாரோ ஒரு கான்ட்ராக்டர். நாங்கள் அவரைப் பார்த்ததில்லை. டோக்கன் கொடுப்பதும், வண்டிகளை வரிசையில் நிறுத்துவதும், காற்று இறங்கியதைச் சொல்வதும் இவர்தான். நாற்பது வயதிருக்கும். ஸ்டாண்டு அக்கா என்று கூப்பிடுவோம். கணவர் பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். அக்கா வைத்திருந்தது பார் வைத்த பெரிய சைக்கிள், ஆண்கள் ஓட்டுவது. கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு காலைப் பெடலில் வைத்து நாலு எட்டு உந்தி, மற்றக் காலைப் பின்பக்கமாகத் தூக்கிப்போட்டு ஏறுவார். அப்படி ஏறும்போது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஆண்கள் பேச்சை ஒரு விநாடி நிறுத்துவார்கள்.

அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும் குழப்பம் ஒன்றுதான்: அவர் நேர்மையானவரா இல்லையா. குடை, டிபன் பாக்ஸ், ரெக்கார்ட் நோட்டு என்று நாங்கள் மறந்து வைத்த எதுவும் அவரிடமிருந்து தவறாமல் திரும்பி வந்துவிடும். "உன் மூஞ்சிக்கு இந்தக் கலர் நல்லால்ல" என்று நேராகச் சொல்வார். பொய் சொன்னது ஒரே விஷயத்தில் மட்டும். சைக்கிளில் போகும் ஒரு பெண் ஏன் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இருந்தாள் என்று அவளுடைய வீட்டார் யாராவது கேட்டால் பொய்தான் வரும். பஞ்சர், செயின் கழன்றது, சாவி தொலைந்தது, தேர் வந்தது, மந்திரி வந்தார். ஒருமுறை ஒருத்தியின் அண்ணனிடம், தான் மயங்கி விழுந்துவிட்டதாகவும் அவள்தான் சோடா வாங்கிக் கொடுத்து உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். அந்த அண்ணன் மறுநாள் நலம் விசாரிக்க ஆப்பிளோடு வந்துவிட்டான். அக்கா அதை வாங்கி எங்களுக்கே நறுக்கிக் கொடுத்தார்.

எனக்குக் காரியங்களை வரிசைப்படுத்தி எழுதும் பழக்கம் உண்டு. மின்னணுவியல் படித்ததால் வந்ததா, முன்பே இருந்ததா தெரியாது. அக்காவின் பொய்களையும் லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். ஒரு நாள் காட்டினேன்.

"இத்தினியா சொல்லியிருக்கேன்?" என்று படித்துவிட்டுச் சிரித்தார். "மந்திரி ரெண்டு தடவ வந்திருக்காரு பாரு. அடுத்த தடவ மாத்திக்கணும்."

"தப்பாத் தெரியலையாக்கா?"

"எது?"

"பொய் சொல்றது."

"எனக்கு சைக்கிள் வந்ததே பொய்யாலதான்டி. பேலன்ஸ் அப்புறமாத்தான் வந்துது."

கல்யாணமாகி வந்த புதிதில், ஊர் ஊராகப் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் இயக்கம் நடந்ததாம். எட்டாவது படித்திருந்ததால் இவரும் சேர்ந்தார். சாயங்காலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய்வரப் பெண்களுக்கு சைக்கிள் பழக்கினார்கள். மாமியாரிடம் ரேஷன் கடையில் வரிசை நீளம் என்று சொல்லிவிட்டு மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போயிருக்கிறார். அப்போது அங்கே முப்பது நாற்பது பெண்கள் புடவையோடு விழுந்து எழுந்துகொண்டிருப்பார்களாம். "ஒவ்வொருத்தியும் வூட்டுல ஒண்ணு சொல்லிட்டு வந்தவதான். ஒருத்திகூட சைக்கிள் கத்துக்கப் போறேன்னு சொல்லிட்டு வரல" என்றார். கிராமத்து ஆண்கள் கேட்ட முதல் கேள்வி, பொம்பளைக்கு இது எதுக்கு என்பது. அதற்கு மட்டும் இவரிடம் பொய் கிடையாது. "எங்கனா போறதுக்குதான்" என்பாராம்.

பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் என்னுடையது. வாங்குவதற்குக் கையெழுத்துப் போட்டதைத் தவிர நான் எதுவும் செய்யவில்லை. இரண்டாயிரத்து ஏழில் சிதம்பரத்தில் பொறியியல் சேர்ந்தபோது, வீட்டிலிருந்து ஸ்டாண்டு வரை சைக்கிள், அங்கிருந்து பஸ் என்று ஆனது. சேர்ந்த அன்று அப்பா சொன்னார்: "இருட்டுறதுக்குள்ள வந்துடணும். வழியில ஏதாவது ஒண்ணுன்னு காதுல வுழுந்துச்சு, சைக்கிளும் வேணாம், சிதம்பரமும் வேணாம். வூட்டுல இருந்தே தபால்ல படிச்சுக்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

சிதம்பரத்தில் பல்கலைக்கழகச் சாலைகளில் விடுதிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிளில் போவார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இதை அக்காவிடம் சொன்னபோது, "வெளிய போறப்ப யாருகிட்ட சொல்லிட்டுப் போவாங்க?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் இல்லக்கா."

"யாருகிட்டயுமேவா?"

அந்த மார்கழியில் சிதம்பரம் கோயிலுக்கு வந்த அக்கா பல்கலைக்கழகத்துக்கும் வந்தார். நூலகத்துக்கு எதிரே மரத்தடியில் நின்று, வகுப்பு விட்டுப் போகும் பெண்களைப் பார்த்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "என்னமோ மாதிரி இருக்குடி. வா போவலாம்" என்றார்.

அந்த நூலகத்தில்தான் சைக்கிளையும் பெண்களையும் பற்றி ஒரு புத்தகம் எனக்குக் கிடைத்தது. நூறு வருடத்துக்கு முன்பு வெளிநாட்டில், சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகம் கோணிவிடும், பிள்ளை பிறக்காது என்று டாக்டர்களே எழுதியிருந்தார்கள். தரையைப் பெருக்கும் பாவாடையை விட்டு, பெண்கள் கால்சட்டைக்கு மாறியதும் சைக்கிளால்தான். ஓட்டுரிமை கேட்ட பெண்கள் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுத்தார்கள். நான் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

"புள்ள பொறக்காதுன்னு சொல்ல எங்களுக்கு டாக்டர் தேவப்படல. மாமியாரே சொல்லிட்டாங்க" என்றார் அக்கா. பிறகு, "அந்த ஊருப் பொம்பளைங்க வூட்டுல என்னா சொல்லிட்டு வந்தாங்களாம்? அது போட்டிருக்கா புஸ்தகத்துல?" என்று கேட்டார்.

போட்டிருக்கவில்லை. மறுபடி போய்த் தேடியும் பார்த்தேன்.

இரண்டாம் வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஆறு மணி இருக்கும், வெளிச்சம் இருந்தது. கெடிலம் ஆற்றை ஒட்டிப் போகும் சாலையில், முட்செடிகள் இரண்டு பக்கமும் நெருங்கும் இடத்தில், பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்தது. ஓட்டியவன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தான். நான் ஹேண்டில்பாரை விடவில்லை. அவன் சைக்கிளின் பின்சக்கரத்தில் உதைத்தான். நான் விழுந்த பிறகு, அவன் சிரித்தது மட்டும் கேட்டது. முழங்கை கிழிந்திருந்தது. முன்சக்கரம் கோணியிருந்தது. வீடு பக்கம்தான், ஆனால் நான் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஸ்டாண்டுக்குத் திரும்பி நடந்தேன்.

அக்கா காயத்தைக் கழுவினார். எதுவும் கேட்கவில்லை. "அப்பா வருவாரில்ல?" என்றார். தலையாட்டினேன். அப்பா வந்தபோது அவர் எழுந்து முன்னால் போய் நின்றார்.

"தப்பு என் மேலதாங்க. ஒரு வண்டிய எடுத்தேன், வரிச மொத்தமும் சாஞ்சுடுச்சு. பொண்ணு நடுவுல மாட்டிக்கிச்சு."

அப்பா அவரைத் திட்டினார். கண் தெரியாதா, இதற்கா சம்பளம் வாங்குகிறாய் என்றெல்லாம் கேட்டார். அக்கா தலையைக் குனிந்து நின்றார். என் சைக்கிள் பிழைத்தது. சிதம்பரமும் பிழைத்தது.

மறுநாள் அவரே கேட்டார்: "கறுப்பு வண்டி, பின்னாடி மட்கார்டுல செவப்புப் பட்டையா?"

"உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

எனக்கு முன்னால் ஐந்து பேர் விழுந்திருந்தார்கள். ஐந்து பேரும் ஸ்டாண்டில் வண்டி விடுபவர்கள். ஐந்து வீட்டுக்கும் அக்கா ஐந்து விதமாகச் சொல்லியிருந்தார்: நாய் குறுக்கே வந்தது, சாணியில் வழுக்கியது, இப்படி. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். நான் ஐந்து பேரையும் தனித்தனியாகப் பார்த்து, நாள், நேரம், இடம் மூன்றையும் எழுதினேன். எல்லாம் செவ்வாய் அல்லது வெள்ளி. எல்லாம் அரை கிலோமீட்டருக்குள். அந்தத் தாளைக் கொடுத்தபோது அக்கா நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத எடுத்துக்கிட்டு போலீசுக்குப் போவலாம். ஆறு அப்பனுக்கும் தெரியும். ஆறு சைக்கிளும் போவும். போலாமா?"

நான் டோக்கனைத் தேடுவதுபோலப் பைக்குள் கைவிட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சட்டம் போட்டார். செவ்வாயும் வெள்ளியும், அந்த வழியாகப் போகும் பெண்கள் ஐந்து பேராவது சேராமல் டோக்கனை வாங்கமாட்டார், வண்டியைத் தரமாட்டார். ஐந்து பேர் சேர்ந்ததும் தன் பெரிய சைக்கிளில் முன்னால் போவார். மோட்டார் சைக்கிள் எங்களிடம் வரவில்லை. பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று என் பட்டியலில் கோடு போட்டு அடித்தேன்.

மூன்று மாதம் கழித்து, ஸ்டாண்டுக்கே வராத ஒரு பெண், பதினொன்றாம் வகுப்பு, புதிதாக அரசு சைக்கிள் வாங்கியவள், அதே இடத்தில் விழுந்தாள். தொடை எலும்பு முறிந்தது. அவள் அப்பா அந்த வாரமே சைக்கிளை விற்றார். படிப்பையும் நிறுத்திவிட்டார், போலீசுக்குப் போகவில்லை. அந்தச் சாலையைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் ஆறு பேரும் சொல்லியிருக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் காலையில் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த என்னை நிறுத்தினார்.

"போலீசு மனுவுல உன் பேர எழுதிக்கவாடி?"

"செமஸ்டர் முடியட்டும்கா" என்றேன்.

இதை நான் எத்தனையோ முறை திரும்ப நினைத்துப் பார்த்திருக்கிறேன். யோசித்துச் சொன்னதாகவும் தெரியவில்லை, பயந்து சொன்னதாகவும் தெரியவில்லை. பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, அது உண்மை. செமஸ்டர் இருந்தது, அதுவும் உண்மை. மற்ற ஐந்து பேரும் ஆளுக்கொரு உண்மையான காரணம் சொன்னார்கள். ஒருத்திக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். ஒருத்தியின் அண்ணன் யாரையாவது வெட்டிவிடுவான். அக்கா எல்லாருக்கும் "சரி" என்றார். முகத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன். இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவர் தனியாக மஞ்சக்குப்பத்துக்குப் போய், போலீஸ் அலுவலகத்தில் மனு கொடுத்தார். பிறகு நகலை எனக்குக் காட்டினார். என் தாளிலிருந்த ஆறு நாள், ஆறு நேரம், ஆறு இடம் அப்படியே இருந்தன. பெயர் மட்டும் ஒன்று. ஆறு முறையும் விழுந்தது அவர்.

மனுவை விசாரித்த பெண் அதிகாரி, "ஏம்மா, ஆறு தடவையும் உன்னையேவா?" என்று கேட்டாராம்.

"நான்தானே மேடம் தெனம் அந்த வழியா போறேன்."

"மொத தடவையே வந்து சொல்றதுக்கு என்னா?"

"பொறுத்துப் பாத்தேங்க. எனக்குப் பொறும ஜாஸ்தி."

நாளும் இடமும் தெளிவாக இருந்ததால் வேலை சுலபமானது. அடுத்த செவ்வாயே ஒரு பெண் காவலர் சாதாரண உடையில் அங்கே சைக்கிள் ஓட்டிப் போனார். அவரையும் அவன் உதைத்தான். பிடித்துவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அந்தப் பக்கம் வேலையாக வந்துபோகிறவன். அக்காவை நேரில் நிறுத்தியபோது, "இந்தம்மாவ நான் தொட்டதே இல்ல சார்" என்று கத்தினானாம். அவன் சொன்னது உண்மை. யாரும் நம்பவில்லை.

வழக்குப் பதிவானது. அந்தச் சாலையில் அதன்பிறகு யாரும் விழவில்லை. ஆனால் பேச்சு பரவியது. ஸ்டாண்டில் வண்டி எடுக்க வந்த ஓர் அம்மாள் என் காதுபடவே இன்னொருத்தியிடம், "இந்த வயசுல ஆறு தடவயாம். அப்படி என்னா ரதியாம்?" என்றாள். அக்கா காற்றடிக்கும் பம்பை அழுத்திக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தார். அடிப்பார் என்று பயந்தேன். அவர் அழுதார் என்று கேள்விப்பட்டேன். ஆறு முறை விழுந்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று. அந்த மாதக் கடைசியில் அக்காவைக் காடாம்புலியூரில் சொந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டில் வேறு ஆள் வந்தார்.

நான் படித்து முடித்தேன். சென்னையில் வேலை, மென்பொருளைச் சோதிக்கும் வேலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அல்லது தவறு என்று எழுத வேண்டும். இரண்டாயிரத்துப் பன்னிரண்டு மே மாதம் விடுமுறையில் வந்தபோது, முதலில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்து வைத்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தித்தான் இருப்பேன்" என்றார். அவர் வருத்தப்படுகிறாரா, அக்காவுக்கு நன்றி சொல்கிறாரா, புரியவில்லை. மறுநாள் காடாம்புலியூருக்கு பஸ் ஏறினேன்.

வீட்டைச் சுற்றி முந்திரி. கணவர் ஆலையை விட்டுவிட்டு தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைகளில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தவர், "வா பாப்பா" என்று பாயை நகர்த்திப் போட்டார். நல்ல மனிதராக இருந்தார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அக்கா கொஞ்சம் பருத்திருந்தார். மாட்டுக்கொட்டகையின் ஓரத்தில் பெரிய சைக்கிள் சாத்தியிருந்தது. இரண்டு டயரும் தரையோடு ஒட்டியிருந்தன. கேரியரில் வைக்கோல்.

"அக்கா இப்ப ஓட்டுறது இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"எப்படிம்மா விடுறது? ஆறு தடவ வுழுந்தவ. ஏழாவது தடவ என்னா ஆவும்னு எனக்குத் தூக்கம் வராது. பண்ருட்டிக்குப் போவணும்னா நானே கூட்டிட்டுப் போறேன்."

வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன். "மாமா, அக்கா ஒரு தடவகூட வுழல. வுழுந்தது நாங்க ஆறு பேரு. காலேஜு ரெண்டாவது வருஷத்துல நானும் வுழுந்தேன்." கையை மடக்கி முழங்கைத் தழும்பைக் காட்டினேன்.

அவர் அறுப்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்கா தட்டில் சுளைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அந்தத் தழும்பு ஸ்டாண்டுல வண்டி சாஞ்சப்ப பட்டதுங்க. இவ அப்பா வந்து என்னத் திட்டினாரே, சொன்னேனில்ல?" என்றார். "பாவம், என் சைக்கிளத் திருப்பி வாங்கித் தரலாம்னு வந்திருக்கா. அதுக்கு ஒரு பொய்யி."

"இல்ல மாமா, நான்..."

"வுழுந்தது நான்தான். ஆறு தடவயும்."

கணவர் சிரித்தார். எனக்காக இரக்கப்பட்டது போல இருந்தது அந்தச் சிரிப்பு. "நல்ல பொண்ணு" என்றார். "ஆனா பொய் சொல்ல வரல உனக்கு. குரலு நடுங்குது பாரு." பெரிய சுளையாகப் பார்த்து என் தட்டில் வைத்தார்.

பஸ் நிறுத்தம் வரை அக்கா கூட வந்தார். முந்திரித் தோப்பைத் தாண்டியதும் அவர்தான் பேசினார்.

"கேசு இன்னும் நடக்குதுடி. வாய்தா மேல வாய்தா. நான் கூண்டுல ஏறி, ஆறு தடவயும் நான்தான்னு சத்தியம் பண்ணிச் சொல்லியிருக்கேன். இவரு நல்ல மனுஷன், ஆனா வாயில நிக்காது. நீ சொன்னது நெசம்னு ஊருக்குத் தெரிஞ்சா, மொத்த கேசும் பொய்யின்னு சொல்லி அவன் கைய வீசிக்கிட்டு வெளிய வந்துடுவான்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. நாள், நேரம், இடம் எல்லாம் யோசித்த எனக்கு இது தோன்றவில்லை.

"அப்ப சைக்கிளு?"

"இருக்கட்டும். எங்க போவப்போவுது?"

"கேசு முடிஞ்சதும் மாமாகிட்ட சொல்லிடுவீங்களா?"

"சொல்லணும்." சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. "நம்புவாரான்னுதான் தெரியல. நெசம் சொல்லிப் பழக்கமில்ல எனக்கு, அவருகிட்ட."

பஸ் நின்றது. நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அக்கா ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று, சென்னையில் எப்படி வேலைக்குப் போகிறாய் என்று கேட்டார். ஸ்கூட்டி வாங்கியிருக்கிறேன் என்றேன். வேகமாக ஓட்டுவாயா என்று கேட்டார்.

"இல்லக்கா, மெதுவாத்தான்" என்றேன். அது உண்மையில்லை. அவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார்.